நூறைக் கெடுத்தவர்: கார்ட்டூன் விமர்சகர்மீது ரசிகர்கள் கொள்ளும் சினம்

2010 ஜூன் 18 அன்று பிக்ஸார் நிறுவனத்தின் ‘டாய் ஸ்டோரி 3’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. அதன் முந்தைய இரண்டு பாகங்களும் ராட்டன் டொமேட்டோஸ் என்னும் மதிப்புரைத் திரட்டுத் தளத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவை. மூன்றாவதும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரத்தில் நியூயார்க் பிரஸ் வார இதழில் ஆர்மண்ட் வைட் எழுதிய பாதகமான மதிப்புரை தளத்தில் ஏறியது. நூறு உடைந்தது. நூற்றுக்கணக்கானோர் அவர்மீது பாய்ந்தார்கள். அவரைத் தளத்திலிருந்தே நீக்க வேண்டும் என்று கோரும் இணைய மனுக்களும் அக்காலத்தில் சுற்றின. கோல் ஸ்மிதீ என்ற இன்னொரு விமர்சகரும் படத்துக்கு எதிராகவே எழுதியிருந்தார். ஆனால் சினத்தின் பெரும்பங்கு வைட்டைத் தேடியே வந்தது.

படத்துக்கு இதனால் எந்தச் சேதமும் நேரவில்லை. உலகெங்கும் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஓர் அனிமேஷன் படம் அந்த எல்லையைத் தாண்டியது அதுவே முதல் முறை. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்ற மூன்றாவது அனிமேஷன் படமும் அதுதான். சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருது அதற்கே கிடைத்தது. இவ்வளவு பெரிய வெற்றியின் முன்னால் ஒரு வார இதழின் ஒரு பக்கம் யாரை என்ன செய்துவிட முடியும்? அப்படியிருந்தும் அந்தப் பக்கத்தை எழுதியவர்மீது அத்தனை வெறுப்பு ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ரசிகர்களின் சினம் ஒரு கருத்தின்மீது எழுவதாகத்தான் பொதுவாக எண்ணுகிறோம். அன்று எழுந்த சினம் கருத்தைத் தொடவே இல்லை என்பது என் துணிபு. கருத்தைப் படிக்காமலேயே சினம் கொள்வதற்கு ஓர் எண் வழிசெய்து கொடுத்தது.

இதுவரை சொல்லப்பட்டவை

ரசிகர்களைப் பற்றிய ஆய்வில் ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட ‘டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்’ ஒரு திருப்புமுனை. ரசிகர் என்றாலே அறிவு மழுங்கிய பித்தர் என்று சித்திரிக்கும் பழக்கத்தை அந்நூல் உடைத்தது. ரசிகர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் கூட்டம் அல்லர். கதையைத் தம் வசமாக்கிக்கொண்டு, அதன்மேல் எழுதி, வரைந்து, வாதிட்டுத் தமக்கான ஒரு பண்பாட்டை உருவாக்குபவர்கள் என்று ஜென்கின்ஸ் நிறுவினார். ஏளனம் மட்டுமே நிலவிய காலத்தில் இந்தப் பரிவு மிகவும் தேவைப்பட்டது. ஆனால் ரசிகர்களைப் பெருநிறுவனங்களுக்கு எதிரே நிற்கும் எளியவர்களாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதே ரசிகர்கள் அந்த நிறுவனத்தின் படத்துக்குக் காவல் நின்று தனி ஒருவரைத் தாக்கும் காட்சி எளிதில் புலப்படுவதில்லை.

ஜோனதன் கிரே 2003இல் எழுதிய கட்டுரை இங்கே கூடுதலாக உதவுகிறது. ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் பார்வையாளர்களை ஆராய்ந்தவர் அவர். ரசிகரைப் போலவே எதிர் ரசிகரையும் ஆராய வேண்டும் என்றார். ஒரு படைப்பை மனமார வெறுப்பவர் பல நேரங்களில் அதை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார். விளம்பரம், முன்னோட்டம், பிறர் பேச்சு என அதன் ஓரங்களை மட்டும் அறிந்து, அதைக்கொண்டே உறுதியான ஒரு தீர்ப்பை உருவாக்கிக்கொள்வார் என்பது அவர் கவனித்தவற்றுள் ஒன்று. கிரே தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிச் சொன்னதை நான் மதிப்புரைக்குப் பொருத்திப் பார்க்கிறேன். 2010இல் வைட்டை வசைபாடியவர்கள் ‘டாய் ஸ்டோரி’க்கு ரசிகர்கள், அவருடைய மதிப்புரைக்கு எதிர் ரசிகர்கள். அந்த மதிப்புரையின் ஓரத்தில் இருந்தது, பாதகம் என்று தளம் குத்திய ஒரு பச்சைக் கறை. அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

எண் பிறக்கும் விதம்

ராட்டன் டொமேட்டோஸ் 1998இல் தொடங்கியது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் படித்த இளைஞர்கள் சிலர் நடத்திய தளம். ஒவ்வொரு மதிப்புரையும் அங்கே இரண்டில் ஒரு முத்திரையைப் பெறுகிறது: சாதகம் என்றால் சிவந்த தக்காளி, பாதகம் என்றால் நசுங்கிய பச்சைத் தக்காளி. சாதகமானவற்றின் விழுக்காடே படத்தின் பெயருக்கு அருகில் பெரிதாக நிற்கும். 60 விழுக்காட்டை எட்டினால் படத்துக்கே சிவப்பு முத்திரை.

இந்தக் கணக்கு எதை அளக்கிறது என்பதை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்’ என்று எழுதியவரும் ‘இந்தத் தலைமுறையின் காவியம்’ என்று எழுதியவரும் இங்கே ஒரே சிவப்புத் தக்காளி. எனவே நூறு விழுக்காடு என்பது படத்தின் தரத்தைச் சொல்வதில்லை. மறுத்தவர் எவரும் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. சராசரி மதிப்பெண்ணும் தளத்தில் உண்டு. ஆனால் கண்ணில் முதலில் படுவது விழுக்காடு. செய்தித்தாள் விளம்பரத்தில் அச்சாவதும் ரசிகர்கள் பெருமையோடு பகிர்வதும் அதுவே.

மறுப்பின்மையை அளக்கும் கணக்கில் முதல் மறுப்புக்கு மட்டும் தனிக் கனம் வந்துவிடுகிறது. 150 மதிப்புரைகளில் 149 சாதகம் என்றால் விழுக்காடு 99. அடுத்து இன்னொருவர் மறுத்தாலும் எண் ஏறத்தாழ அங்கேயேதான் நிற்கும். 70 விழுக்காட்டில் இருக்கும் படத்தை ஒருவர் திட்டினால் எதுவும் அசையாது. யாரும் அவரைத் தேடிப் போகவும் மாட்டார்கள். நூறில் நிற்கும் படத்தை முதலில் மறுப்பவர் மட்டும், தாம் நினைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பொதுச்சொத்து ஒன்றைக் கெடுத்தவராகிவிடுகிறார். திருத்த முடியாத கெடுதல் வேறு: இனி ஆயிரம் பேர் புகழ்ந்தாலும் அந்த ஒருவரின் பச்சைத் தக்காளி பட்டியலை விட்டுப் போகாது. அவரை நீக்கச் சொல்லி மனு எழுதத் தூண்டியது இந்த அமைப்புதான் என்று கருதுகிறேன். வாதத்தை வெல்ல விரும்புகிறவர் பதில் எழுதுவார். எண்ணை மீட்க விரும்புகிறவருக்கு அந்த மனிதர் பட்டியலிலேயே இல்லாமல் போக வேண்டும்.

வைட் சொன்னது

ஆர்மண்ட் வைட் டெட்ராய்ட்டில் பிறந்தவர், கறுப்பின விமர்சகர், ப்ரூக்ளினில் வெளிவந்த ‘தி சிட்டி சன்’ இதழில் பல ஆண்டுகள் எழுதியவர். நியூயார்க் திரை விமர்சகர் வட்டத்தின் தலைவராகவும் இருந்திருக்கிறார். ‘டாய் ஸ்டோரி 3’ பற்றிய அவருடைய வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இந்தப் படம் பொம்மையைக் கொண்டு குழந்தை செய்யும் கற்பனையைக் கொண்டாடவில்லை, வணிகப் பெயர்களைக் கொண்டாடுகிறது, நுகர்வையே உணர்ச்சியாக மாற்றி விற்கிறது. இதற்கு மாற்றாக ஜோ டான்டே 1998இல் இயக்கிய ‘ஸ்மால் சோல்ஜர்ஸ்’ படத்தை அவர் முன்வைத்தார்.

இது பித்தரின் உளறல் என்று ஒதுக்கக்கூடிய வாதமா? படத்தையே சாட்சிக்கு அழைப்போம். ‘டாய் ஸ்டோரி’ வரிசையில் வரும் பொம்மைகளில் கணிசமானவை கடையில் கிடைக்கும் வணிகப் பொருள்கள். மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட் ஹாஸ்ப்ரோவின் பொம்மை. முதல் பாகத்துக்கு பார்பியைத் தர மாட்டெல் நிறுவனம் மறுத்தது. படம் பெருவெற்றி பெற்றபின் இரண்டாம் பாகத்துக்கு இசைந்தது. மூன்றாம் பாகத்தில் பார்பியும் கென்னும் தமக்கென ஒரு கிளைக்கதையோடு வருகிறார்கள். 1995 கிறிஸ்துமஸ் காலத்தில் பஸ் லைட்இயர் பொம்மைகள் கடைகளில் போதாமல் போனதை இரண்டாம் பாகத்தின் ஒரு வசனமே கிண்டல் செய்கிறது. படம் தன்னையே ஒரு விற்பனைப் பொருளாக அறிந்திருக்கிறது. வைட் இல்லாத ஒன்றைக் கற்பித்துச் சொல்லவில்லை.

ஆனால் அதே படத்தில் அவருக்கு எதிரான சாட்சியும் இருக்கிறது. அது வலுவான சாட்சி. லாட்ஸோ என்ற கரடிப் பொம்மையின் முன்கதையை நினைத்துப் பாருங்கள். டெய்சி என்ற சிறுமியின் உயிருக்குயிரான பொம்மை அது. ஒரு வெளியூர்ப் பயணத்தில் அதைத் தவறவிட்டுக் குடும்பம் வீடு திரும்பிவிடுகிறது. லாட்ஸோ வழியெல்லாம் நடந்து அவள் வீட்டைக் கண்டுபிடித்து, சன்னல்வழியே உள்ளே பார்க்கிறது. அவளிடம் அச்சுப்பிசகாமல் இன்னொரு லாட்ஸோ. பெற்றோர் புதிதாக ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கணத்தில்தான் லாட்ஸோ கொடுமைக்காரனாக மாறுகிறது. இனி எந்தப் பொம்மையும் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாம் குப்பை என்ற முடிவுக்கு வருகிறது. ஆலையில் வார்க்கப்பட்ட பொருளுக்கு எப்போதும் ஓர் இணை உண்டு, அது இருப்பதால் இது தேவையற்றதாகிவிடும் என்ற அச்சத்தைக் கதையின் நடுவிலேயே வைத்திருக்கும் படம் இது. இறுதியில் கல்லூரிக்குப் போகும் ஆண்டி என்ற இளைஞன் தன் பொம்மைகளை போனி என்ற சிறுமிக்குக் கொடுக்கிறான். கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, பெயர் சொல்லி, குணம் சொல்லி அறிமுகப்படுத்துகிறான். கடையில் வாங்கியது கற்பனையால் ஒருவருக்கு மட்டுமே உரியதாக மாறுவதையும் பணம் கைமாறாமல் அது அடுத்த குழந்தையிடம் போவதையும் அந்தக் காட்சி காட்டுகிறது. நுகர்வைக் கொண்டாடும் படம் என்ற தீர்ப்பு இந்த இரு காட்சிகளின் முன் நிற்காது என்பது என் வாசிப்பு.

வைட் காட்டிய மாற்றுப் படத்திலும் ஓட்டை உண்டு. ‘ஸ்மால் சோல்ஜர்ஸ்’ போர்ப் பொம்மை வணிகத்தைச் சாடும் படம்தான். ஆனால் அதன் பொம்மைகளை ஹாஸ்ப்ரோ சந்தையில் விற்றது. பர்கர் கிங் உணவகங்களும் அதை வைத்துத் தம் விளம்பரத்தை நடத்தின. வணிகத்தைக் கண்டிக்கும் படம் வணிகத்திலிருந்து விலகி நிற்கும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டாகாது.

இவ்வாறு வைட்டுக்கு மறுப்புச் சொல்லப் படத்திலேயே அத்தனையும் இருந்தது. படத்தை நேசித்தவர்கள்தாம் அதைச் செய்வதற்கு மிகவும் தகுதியானவர்கள். லாட்ஸோவின் சன்னல் காட்சியை அவர்களைவிட நெருக்கமாக அறிந்தவர் யார்? அன்று பேரோசையாக எழுந்ததோ இந்தப் பதில் அல்ல. அந்த மனிதர் ஏன் இப்படிச் செய்கிறார் என்பதே பேச்சாயிற்று.

‘வேண்டுமென்றே செய்கிறார்’

வைட்மீது வைக்கப்பட்ட முதன்மைக் குற்றச்சாட்டு, ஊர் புகழ்வதை இகழ்ந்து ஊர் இகழ்வதைப் புகழ்ந்து கவனம் தேடுகிறார் என்பது. இதை ரசிகர்களின் வசை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. 2009 ஆகஸ்டில் ‘டிஸ்ட்ரிக்ட் 9’ படத்தைத் தாக்கி எழுதியதற்காக வைட் வசைக்கு ஆளானபோது, அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற விமர்சகரான ரோஜர் ஈபர்ட் முதலில் அவர் பக்கம் நின்று எழுதினார். பிறகு வைட் எந்தெந்தப் படங்களைப் போற்றினார், எவற்றைத் தூற்றினார் என்ற பட்டியல் ஈபர்ட்டின் பார்வைக்கு வந்தது. அதைக் கண்டதும் தம் ஆதரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வைட் அறிவுள்ளவர்தான், ஆனாலும் வம்புக்கென்றே எழுதுபவர் என்ற முடிவை வெளிப்படையாக அறிவித்தார். அந்தப் பட்டியலின் கனத்தை நானும் உணர்கிறேன். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ இரண்டாம் பாகம் ஹாஸ்ப்ரோ பொம்மைகளிலிருந்து நேரடியாகப் பிறந்த படம். 2009இல் அதைப் பாராட்டி எழுதியவர், அடுத்த ஆண்டு ‘டாய் ஸ்டோரி 3’ வணிகப் பெயர்களில் மூழ்கிவிட்டது என்று கண்டித்தால் அளவுகோல் எது என்று கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் கேட்க வேண்டியது அளவுகோலைப் பற்றித்தான். நோக்கம் பற்றிய கேள்விக்கு ஒரு வசதி இருக்கிறது, அதுவே அதன் கேடும்: ஒருவர் மனதார எழுதவில்லை என்று முடிவுகட்டிவிட்டால் அவர் எழுதியதைப் படிக்க வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது. முன்னுக்குப்பின் முரண் என்பது அப்படியல்ல. அதைக் காட்ட இரண்டு மதிப்புரைகளையும் எடுத்து வைத்துப் படித்தாக வேண்டும். ஈபர்ட்டின் முடிவும் ஒரு பட்டியலைப் பார்த்து எழுந்ததுதான் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. மதிப்புரைக்குள் நுழைந்து வாதிடுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்தவர் அவர். பாராட்டியவை ஒரு பக்கம், பழித்தவை ஒரு பக்கம் என்று நிற்கும் பட்டியல், விழுக்காட்டுக் கணக்கின் இன்னொரு வடிவமே. காரணம் உதிர்ந்துவிடுகிறது, தீர்ப்பு மட்டும் எஞ்சுகிறது.

2014 ஜனவரியில் நியூயார்க் திரை விமர்சகர் வட்டம் வைட்டை நீக்கியது. விருது விழாவில் இயக்குநர் ஸ்டீவ் மக்வீனை நோக்கிக் கூச்சலிட்டார் என்பது குற்றச்சாட்டு, அவர் மறுத்தார். அந்த நிகழ்வு வேறு வகையைச் சேர்ந்தது. அதைக்கொண்டு 2010இன் மதிப்புரையை அளப்பது சரியாகாது.

விழுக்காடு தோன்றுவதற்கு முன்

எண்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லிவிட்டால், வரலாறு என்னை உடனே மறுக்கும். கார்ட்டூன்களைக் குறைகூறியவர்கள்மீது இணையம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே சினம் பாய்ந்திருக்கிறது.

1965இல் கலிபோர்னியாவின் பொதுக்கல்வித் துறைத் தலைவர் மேக்ஸ் ராஃபர்ட்டி, வால்ட் டிஸ்னியைத் தலைசிறந்த கல்வியாளர் என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் புகழ்ந்தார். நியூயார்க் பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவை வழிநடத்தி ஓய்வுபெற்ற பிரான்சஸ் கிளார்க் சேயர்ஸ் அதே இதழுக்குக் கடுமையான மறுப்பு எழுதினார். நாட்டார் கதைகளின் கூர்மையை டிஸ்னி இனிப்பில் தோய்த்து அழித்துவிட்டார், குழந்தையின் கற்பனைக்கு எதையும் விட்டுவைக்கவில்லை என்பது அவர் வாதம். அந்தக் கடிதம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஆண்டு இறுதியில் ‘ஹார்ன் புக்’ இதழ் அவருடைய நீண்ட நேர்காணல் ஒன்றை வெளியிட்டது.

சிலியில் நடந்ததோ விவாதத்தோடு நிற்கவில்லை. ஆரியல் டார்ஃப்மனும் அர்மான் மத்தலாரும் சேர்ந்து டொனால்ட் டக் படக்கதைகளை ஆராய்ந்து 1971இல் ஒரு நூல் எழுதினார்கள். வெள்ளந்தியாகத் தோன்றும் வாத்துக் கதைகளுக்குள் பேரரசுவாதப் பார்வை ஒளிந்திருக்கிறது என்பது அதன் வாதம். வால்பரைசோவிலிருந்து வெளிவந்த அந்நூல் சல்வடோர் அயெந்தேயின் ஆட்சிக்காலத்தில் பரபரப்பாக விற்றது. ஒரு கார் ஓட்டுநர் ‘டொனால்ட் டக் வாழ்க’ என்று கூவியபடி தம்மீது வண்டியை ஏற்ற முயன்றதையும், பெற்றோரும் பிள்ளைகளும் தம் வீட்டின் முன் திரண்டு முழக்கமிட்டுக் கல்லெறிந்ததையும் டார்ஃப்மன் பதிவு செய்திருக்கிறார். 1973 செப்டம்பரில் பினோசெட்டின் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் நூல் எரிக்கப்பட்டது. அது எரிவதை ஒளிந்திருந்த இடத்திலிருந்து தொலைக்காட்சியில் பார்த்ததாக டார்ஃப்மன் எழுதுகிறார். கடற்படை ஒரு பதிப்பையே வால்பரைசோ வளைகுடாவில் கொட்டியது. டேவிட் குன்ஸ்லின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1975இல் அமெரிக்காவுக்குள் நுழைய முயன்றபோது அங்கே சுங்கத்துறை அதைத் தடுத்து நிறுத்தியது.

புத்தகத்தை எரிப்பதையும் பச்சைத் தக்காளியைத் திட்டுவதையும் ஒரே தராசில் வைக்க நான் முயலவில்லை. முன்னதன் பின்னால் நின்றது ஓர் இராணுவம். நான் சுட்டுவது வேறொன்றை. சன்டியாகோவில் கல்லெறிந்தவர்கள் நூலின் வாதத்தை அறிந்திருந்தார்கள். தம் அரசியலுக்கு அது எதிரானது என்று சரியாகவே புரிந்துகொண்டுதான் எறிந்தார்கள். சேயர்ஸுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்களும் குழந்தைக்கு எது நல்லது என்ற அவருடைய கேள்வியையே பேசினார்கள். குழந்தைப் பருவத்தோடு பிணைந்த ஒரு படைப்பைத் தொட்டால் சினம் எழும் என்பது எக்காலத்துக்கும் பொது. 1995இல் 6 வயதில் முதல் பாகத்தைப் பார்த்த பிள்ளைக்கு 2010இல் வயது 21. ஆண்டி பெட்டி கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் காட்சியில் அவர் அழுதது தம் வாழ்க்கைக்காகவும்தான். அந்த அழுகையை நுகர்வு என்று ஒருவர் சொன்னால் சுடத்தான் செய்யும். அந்தச் சூட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எண் செய்தது, சினத்துக்கும் வாதத்துக்கும் இடையில் இருந்த தொடர்பை அறுத்தது.

படம் வருமுன்பே மிரட்டல்

இந்த அறுபடல் எவ்வளவு முழுமையானது என்பதற்கு இரண்டு சான்றுகள். இரண்டுமே கார்ட்டூனுக்கு வெளியிலிருந்து.

2012 ஜூலை 16 அன்று ‘தி டார்க் நைட் ரைசஸ்’ படத்துக்கு மார்ஷல் ஃபைன் எழுதிய பாதகமான மதிப்புரை ராட்டன் டொமேட்டோஸில் ஏறியது. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. தளத்தின் தலைமை ஆசிரியர் மாட் ஆட்சிட்டி அந்தப் படத்தின் மதிப்புரைகளுக்குக் கீழே கருத்துரைக்கும் வசதியையே நிறுத்திவைத்தார். படம் பொதுமக்களுக்கு வெளியான நாள் ஜூலை 20. மிரட்டியவர்களில் ஏறத்தாழ எவருமே படத்தைப் பார்த்திருக்க வழியில்லை. தாங்கள் இன்னும் பார்க்காத படத்துக்காக, பார்த்துவிட்டு எழுதிய ஒருவரை மிரட்டினார்கள். அங்கே காப்பாற்றப்பட்டது எந்தப் படைப்பு?

இரண்டாவது சான்று 2021இல் தற்செயலாக அமைந்தது. பழைய மதிப்புரைகளைத் தேடிச் சேர்க்கும் பணியில் சிகாகோ ட்ரிப்யூன் இதழின் 1941ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று தளத்தில் ஏற, நூறு விழுக்காட்டில் நின்ற ‘சிட்டிசன் கேன்’ 99க்கு இறங்கியது. எழுதியவர் பெயர் மே டினீ. அந்த இதழின் விமர்சகர்கள் பலர் பகிர்ந்துகொண்ட புனைபெயர். செய்தி உலகெங்கும் வேடிக்கையாகப் பரவியது. அதே நேரத்தில் நூறில் நின்ற ‘பாடிங்டன் 2’ உலகின் தலைசிறந்த படத்தையே வென்றுவிட்டது என்று கொண்டாடினார்கள். சில வாரங்களில் ஒரு பிரிட்டன் விமர்சகர் எழுதிய பாதகமான மதிப்புரை ஏறியது. அதுவும் 99 ஆயிற்று. அவருக்கு வசைகளும் மிரட்டல்களும் வந்ததாக அவர் தெரிவித்தார். இரண்டு படங்களுக்கும் நேர்ந்தது ஒரே அளவு இழப்பு. ஆனால் 80 ஆண்டுகளுக்கு முந்தைய புனைபெயரை யாரும் தேடிச் சென்று திட்ட முடியாது. உயிரோடு இருக்கும் ஒருவரை முடியும். கெட்டுப்போன எண்ணோடு, கைக்கெட்டும் தொலைவில் ஒரு பெயரும் இருந்தாக வேண்டும் என்பதை இது தெளிவாக்குகிறது. வெளியாகாத படத்துக்கு முன்கூட்டியே கருத்திடும் வசதியை 2019இல் தளம் எடுத்துவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் எண்ணும் பெயரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

காரணத்தைத் தொட்ட சினம்

எல்லாச் சினத்தையும் ஒன்றாகக் கட்டி எறிந்துவிட்டால் நான் மறுக்கும் பிழையை நானே செய்தவனாவேன். 2022 மார்ச்சில் பிக்ஸாரின் ‘டர்னிங் ரெட்’ வந்தது. டோமி ஷீ இயக்கிய படம்; 2002ஆம் ஆண்டு டொரொன்டோவில் வாழும் சீன வம்சாவளிச் சிறுமி ஒருத்தியின் கதை. சினிமாபிளெண்ட் தளத்தின் மதிப்புரை, டொரொன்டோவின் ஆசிய சமூகத்துக்குள் கதையை வேரூன்ற வைத்ததால் இது இயக்குநரின் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் எடுத்த படம்போல் ஆகிவிட்டது என்று குறைகூறியது. எதிர்ப்பு உடனே எழுந்தது. இந்த முறை எதிர்ப்பவர்கள் அந்த மதிப்புரையின் வாக்கியங்களையே எடுத்துக்காட்டினார்கள். பேசும் கார்களின் கதையும் கடலில் தொலைந்த மீனின் கதையும் எல்லோருக்கும் பொதுவாகும்போது, ஒரு சீனக் குடும்பத்தின் தாய் மகள் பிணக்கு மட்டும் எப்படிக் குறுகியதாகும் என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். படம் நன்றாக இல்லை என்று சொன்னதற்காக எழுந்த சினம் அல்ல இது. நன்றாக இல்லை என்பதற்குச் சொன்ன காரணத்தின்மீது எழுந்தது. அந்தச் சினம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

அதன் முடிவு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சினிமாபிளெண்ட் அந்த மதிப்புரையை நீக்கிவிட்டது. ஆசிரியரும் எழுதியவரும் மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்பு தேவைதான், நீக்கியது தவறு. நீக்கப்பட்டதும் எதிர்ப்பவர்களின் கூர்மையான பதில்கள் எதற்குப் பதில் என்பதே மங்கிப்போயிற்று. நல்ல வாதத்தில் வென்றவர்களை, கூச்சலிட்டு எடுக்கவைத்தவர்களாகக் காட்ட அது மற்றவர்களுக்கு வசதி செய்து கொடுத்தது.

டொனால்ட் டக் நூலுக்கு நேர்ந்தது இதற்கு மாறானது. 1989இல் பிரிட்டன் ஆய்வாளர் மார்ட்டின் பார்க்கர், படக்கதைகளையும் அவற்றைத் தாக்கியவர்களையும் பற்றி எழுதிய நூலில் டார்ஃப்மன்-மத்தலார் வாதத்தை விரிவாக எடுத்து மறுத்தார். அவர்கள் கதைகளை வாசித்த முறையையும், வாசகர் அக்கதைகளின் கருத்தியலை அப்படியே விழுங்கிவிடுவார் என்ற அவர்களது ஊகத்தையும் அவர் கேள்விக்குள்ளாக்கினார். அதை ஒருவர் செய்ய முடிந்தது, எரித்தும் கடலில் கொட்டியும் சுங்கத்தில் தடுத்தும்கூட அந்த நூல் அழியாமல் கிடைத்ததால்தான். 2018இல் அமெரிக்காவில் அது மறுபதிப்பாக வந்தபோது தாக்குதலையும் மறுப்பையும் அருகருகே வைத்துப் படிக்க ஒரு வாசகருக்கு வழி இருந்தது. ‘டர்னிங் ரெட்’ மதிப்புரையைத் தேடி அந்தத் தளத்துக்குப் போகும் வாசகருக்கு அது இல்லை.